நேட்டால் கப்பல் பட்டியலில் பெயர் தெரியாத ஒருவரைத் தேடுகிறேன்: டர்பன் பல்கலைக்கழக ஆவணங்களைப் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

ஆரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பல வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. நிலப் பத்திரம், வரி ரசீது, யாருடையது என்று தெரியாத ஜாதகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்துபோய்விட்டது. தலைப்பில் ‘விரோதி வருஷம் தை மாசம்’ என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 1890 ஜனவரி அல்லது பிப்ரவரி. எழுதியவர் என் எள்ளுத்தாத்தாவின் தம்பி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி வேலைக்குப் போனவர். வீட்டில் அவரை ‘நேட்டால் தாத்தா’ என்றுதான் சொல்வார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. கடிதத்திலும் பெயர் இல்லை, ‘உங்கள் தம்பி’ என்று முடிகிறது.

‘நான் இவ்விடம் சௌக்கியம். அவ்விடத்திய க்ஷேமத்துக்கு எழுதியனுப்பவும்’ என்று தொடங்கி, கரும்பு வெட்டு முடிந்துவிட்டது, இப்போது ரயில் ரோட்டு வேலை, அம்மாவுக்கு ஒரு சேலைக்காவது பணம் அனுப்பப் பார்க்கிறேன், என்று போகிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. யாரையாவது வைத்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். கீழே ‘வேரூலம்’ என்று ஒரு சொல், அதற்குக் கீழே ஐந்து இலக்க எண். நான்காவது இலக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது.

ஆயாவுக்கு 93 வயது. இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவருடைய மாமியார் இந்தக் கடிதத்தைக் காட்டி, “போனவர் திரும்பவேயில்லை” என்றாராம். அதற்கு மேல் ஆயாவுக்கும் தெரியாது. டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் கப்பலில் போனவர்களின் பட்டியல் முழுவதும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பெயரே தெரியாத ஒருவரை அதில் தேட முடியுமா?

கடற்கரைச்சாலை:

முடியும். உங்களிடம் இருப்பது பெயரைவிட உறுதியான பிடி.

நான் டர்பனில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம். அந்த வளாகத்துக்கே ஒரு கதை உண்டு. நிறவெறி அரசு 1961ல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒன்றை, டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியது. பிரித்து வைப்பதற்காகக் கட்டிய இடம். அதுவே பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் காகிதங்கள் கடைசியில் அங்கேயே சேர்ந்து பத்திரமாயின. அந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனி பட்டியல். 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். ஊர் திரும்பினாரா, இறந்தாரா என்பதெல்லாம் அதில்தான் வரும். பேராசிரியர் ஜாய் பிரெய்ன் போன்றவர்கள் பல வருஷம் உழைத்து இந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார்கள்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஐந்து இலக்கம்தான் அந்தக் காலனி எண். அந்த மனிதருக்கு அங்கே பெயரைவிட அது முக்கியம். சம்பளம், கல்யாணப் பதிவு, புகார், விடுதலைச் சீட்டு, எதை எடுத்தாலும் அந்த எண் இருக்கும். அதனால்தான் அண்ணனுக்கு எழுதிய கடிதத்திலும் எழுதியிருக்கிறார். பதில் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர அது வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். அரித்துப்போனது நான்காவது இலக்கம், அதாவது பத்தாம் இடம். ஆக, இருக்கக்கூடிய எண்கள் பத்தே பத்து. ஒரு கப்பலில் வந்தவர்களுக்குத் தொடர்ச்சியாக எண் கொடுத்தார்கள், கப்பலுக்கு முந்நூறு நானூறு பேர். உங்கள் பத்து எண்களும் பெரும்பாலும் ஒரே கப்பலில்தான் இருக்கும்.

‘வேரூலம்’ என்பது வெருலம். டர்பனுக்கு வடக்கே, கரும்புக்காடு சூழ்ந்த ஊர். இன்றும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

ஆரணிக்காரன்:

கடற்கரைச்சாலை சார், இரண்டு தடவை படித்தேன். மிக்க நன்றி. பத்து எண்களையும் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மலைநாட்டுப்பிள்ளை:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். எங்கட ஆக்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் எங்கேயாவது இருக்குமோ? தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கமிருந்து வந்தவர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஏட்டுக்கட்டு:

தம்பி மலைநாட்டுப்பிள்ளை, நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரிசை உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலும் கங்காணி மூலமாக ஆள் போனது. கணக்கு கங்காணியின் கையில், அவர் எழுதியது கடன் கணக்கு. இலங்கைத் தோட்டக்காரர்கள் 1904ல் திருச்சியில் தொழிலாளர் ஆணையம் ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஓரளவு காகிதம் சேர்ந்தது.

ஆனால் 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் 1949 சட்டத்துக்கும் பிறகு, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்று நிரூபிக்க உங்கள் குடும்பங்கள் தோட்டத்துப் பெயர்ப்பதிவு, பிறப்புச் சீட்டு எல்லாம் தேடிச் சேர்த்தன. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்போது மறுபடியும் விண்ணப்பம். அந்தக் காகிதங்களின் நகல் பல வீடுகளில் இன்னும் இருக்கும். முதலில் உங்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள். கிடைத்தால் ஒரு துண்டைக்கூட எறியாதீர்கள்.

மலைநாட்டுப்பிள்ளை:

அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இருக்குது. குப்பை என்று நினைத்திருந்தேன். நன்றி ஐயா.

ஆரணிக்காரன்:

நான்கு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். பத்தும் ஒரே கப்பல்தான், கடற்கரைச்சாலை சார் சொன்னது சரி. அதில் நான்கு பேர் பெண்கள், இரண்டு பேர் குழந்தைகள். மிச்சம் நான்கு ஆண்கள்.

அதோடு நின்றுவிட்டேன். எங்கள் ஊர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். நான்கு பேரில் ஒருவருக்கு ஜில்லா தென் ஆர்க்காடு, தாலுகா ‘ட்ரினோமலை’. திருவண்ணாமலையாகத்தான் இருக்க வேண்டும், இவர்தான் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் வயது 41. கடிதத்தில் அம்மா உயிரோடு இருக்கிறார், அண்ணன் இளைஞர். பொருந்தவில்லை. மற்ற மூவரின் ஊர்ப் பெயர்களை என்னால் படிக்கவே முடியவில்லை.

ஏட்டுக்கட்டு:

ஆரணிக்காரரே, நீங்கள் இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள். நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன், பழைய ‘அ’ பதிவேடுகளோடு வாழ்ந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1880களில் ஆரணி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. திருவண்ணாமலை தாலுகா அப்போது தென் ஆர்க்காடு. அதனால் நீங்கள் பார்த்த ‘ட்ரினோமலை’ ஆள் உங்கள் பக்கத்துக்காரரே இல்லை. வட ஆர்க்காட்டின் தலைமையிடமும் அப்போது வேலூர் கிடையாது, சித்தூர். 1911ல்தான் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். சித்தூர் என்று பார்த்ததும் தெலுங்குக்காரர் என்று தள்ளிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தள்ளாதீர்கள். அப்புறம் முக்கியமான விஷயம், ஆரணி அப்போது தாலுகா இல்லை, ஜாகீர், அதாவது ஒரு குடும்பத்துக்கு மானியமாக விட்ட பகுதி. தாலுகா என்ற கட்டத்தில் ‘ஜாகீர்’ என்ற சொல்லோ அதன் சிதைவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். சென்னையில் கப்பல் ஏறுமுன் கூலிகளைத் தங்கவைக்கும் டிப்போவில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். எதிரே தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றவர்களையும் மாட்டையும் பறிகொடுத்த ஒரு பையன் நிற்கிறான். “எந்த ஊர்?” என்கிறார். அவன் நம் பக்கத்துப் பேச்சில் சொல்கிறான். ‘திருவள்ளூர்’ என்று யார் பேச்சில் சொல்கிறார்கள்? ‘திருவளூர்’ என்போம். அது ‘ட்ரிவெலூர்’ ஆகிறது. வந்தவாசி ‘வாண்டிவாஷ்’, காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’, சிதம்பரம் ‘செல்லம்ப்ரம்’. சிதம்பரத்தைச் சிலம்பரம் என்று சொன்ன வாய் அது. அந்தச் சொல்லைக் கேட்ட காது தமிழ்க் காது இல்லை, ஆனால் சொன்னது தமிழ் வாய். ‘ழ’ வரும் இடத்தில் ல, ள, ய, எதுவும் இருக்கலாம், சில சமயம் ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு வரியையும் நம் ஊர்ப் பாட்டி சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஊர் தானாக வந்து நிற்கும்.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பட்டியலை வைத்துப் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். வயது, ஜில்லா, கப்பல் எல்லாம் எண்ணிவிட்டார்கள். ஆனால் இந்த ஒரு வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

காரைக்கால் கப்பல்:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனார்கள். ‘ஒரெலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் மாதம் குவாதலூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவுகளின் பழைய நூல்களையும் காகிதங்களையும் அந்தில் பல்கலைக்கழகம் ‘மானியோக்’ என்ற மின்நூலகத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பெயர்களுக்காகவே நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். ‘மூத்தூசாமி’ என்று ஒரு குடும்பப் பெயர். ‘வைத்திலிங்கோன்’ என்று இன்னொன்று. நம் வைத்திலிங்கம்தான், கடைசி ‘ம்’ பிரெஞ்சுக்காரரின் மூக்குக்குள் போய்விட்டது.

கடற்கரைச்சாலை:

இங்கேயும் அப்படித்தான். நான் வந்த புதிதில், அலுவலகத்தில் ‘மூன்சாமி’ என்று ஒருவர். எத்தனையோ நாள் கழித்துத்தான் முனுசாமி என்று உறைத்தது. ‘கிஸ்டன்சாமி’ கிருஷ்ணசாமி, ‘ஆர்மூகம்’ ஆறுமுகம். முதலியார் ‘மூட்லி’ ஆனது, கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது. தாத்தாவின் சொந்தப் பெயரே பேரனுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்ட வீடுகளும் ஏராளம்.

காது விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1894ல் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்திக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. அவருடைய குமாஸ்தா தமிழர். அந்தக் குமாஸ்தா கேட்டுச் சொல்லித்தான் நடந்தது முழுவதும் காந்திக்குத் தெரிந்தது. பிறகு அந்த வழக்கைக் கேள்விப்பட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். தமிழில் கேட்க ஒருவர் இருந்தது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆவண மையத்தில் காகிதம் மட்டும் இல்லை, நிறவெறி எதிர்ப்புப் போராட்ட காலத்தில் இருந்தவர்களின் வாய்மொழிப் பேட்டிகளும் இருக்கின்றன. எழுத்துப்படியும் உண்டு, ஆனால் கேட்க முடிந்ததைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகிறவர் நடுவில் ‘பாட்டி’, ‘கஞ்சி’ என்று ஒரு சொல்லைப் போடும்போது குரல் மாறும். அந்த மாற்றம் எழுத்துப்படியில் வராது.

வெண்ணிலா:

எல்லோரும் தாத்தாவைத் தேடுகிறீர்கள். ஆரணிக்காரர் அண்ணா போகிறபோக்கில் ஒதுக்கிவிட்ட நான்கு பெண்களைப் பற்றி ஒரு கேள்வி. அவர்களின் வரிசையில் என்ன எழுதியிருக்கிறது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முதுகலைக்காக இந்தப் பட்டியலில் பெண்களின் வரிசைகளை மட்டும் பல மாதம் வாசித்தேன். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று விதி இருந்தது. அந்த எண்ணிக்கையை எட்டாமல் கப்பலை எடுப்பது சிரமம், அதனால் முகவர்கள் தனியாக நின்ற பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். கணவன் பெயர் இல்லாமல், பக்கத்து வரிசையில் இரண்டு வயதுக் குழந்தை மட்டும் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். விதவைகள், விட்டுவந்தவர்கள், விரட்டப்பட்டவர்கள். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி என்றால் இவர்களுக்கு அதில் பாதி.

ஊரில் இவர்களைப் பற்றி ஒரு கதைகூட இல்லை. போன தாத்தாவை மூன்று தலைமுறை கழித்தும் ‘நேட்டால் தாத்தா’ என்கிறோம். ‘நேட்டால் பாட்டி’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவர்களுக்கென்று எழுதப்பட்ட ஒரே வரி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆரணிக்காரன்:

வெண்ணிலா, நீங்கள் சொன்னதும் திரும்பிப் போய்ப் பார்த்தேன். நான்கு பேரில் ஒருவருக்கு வயது 19. தகப்பன் பெயர்க் கட்டம் காலி. அடையாளம்: நெற்றியில் பச்சை குத்தியது. அவருக்கு அடுத்த எண்ணில் ஒரு குழந்தை. அன்றைக்கு நான் ஒரு நொடிகூட நிற்காமல் தாண்டிப்போன வரி அது.

செங்கொன்றை:

எனக்கு இந்தத் தேடலில் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சாதிக் கட்டம். இந்தப் பட்டியலை இன்று குடும்பங்கள் பார்த்து, வம்சாவளி மரத்தில் அதையும் சேர்த்து எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கப்பல் ஏறியதில் கிடைத்த ஒரே நன்மை அதைக் கழற்றிப் போட்டதுதான் என்று நினைக்கிறவன் நான். எண்ணையும் ஊரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் என்ன?

வெண்ணிலா:

மனசு புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. யார் யார் போனார்கள் என்பதை அந்தக் கட்டம்தான் சொல்கிறது. நிலமில்லாத பண்ணையாட்கள் எத்தனை பேர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க இன்னொரு கட்டுக்குள் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை அதை மறைத்தால் எப்படித் தெரிந்துகொள்வது? அதே சமயம் அதை அப்படியே நம்பவும் கூடாது. சாதி, மதம், மொழி மூன்றையும் குமாஸ்தா ஒரே கட்டத்தில் கலந்து போட்டிருக்கிறார். ஒருவருக்குச் சாதி, ஒருவருக்கு ‘கிறிஸ்தவர்’, ஒருவருக்கு ‘மலபார்’. சொன்னவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்றில்லை. டிப்போவில் புது சாதி சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள், அதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

செங்கொன்றை:

ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்புக்கு வேண்டாம் என்பதில் மாறமாட்டேன்.

மிசிசிப்பிக்கரை:

ஆரணிக்காரர், உங்கள் கடிதத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று எழுதுகிறேன். நான் இருக்கும் ஊரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குடியேற்ற வரலாற்று ஆவணங்கள் இருக்கின்றன. 1965ல் தொடங்கிய சேகரிப்பு. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து, நிலத்துக்கடியில் பெரிய குகைகளாக வெட்டி, சீரான குளிர்ச்சியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்க்க வந்த இத்தாலியர், ஃபின்லாந்துக்காரர், உக்ரேனியர் எல்லாம் தாங்களே எழுதியவை: சங்கக் கணக்கு, நாடகப் பிரதி, பத்திரிகை, வீட்டுக் கடிதம். யாரும் மதிக்காத காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பரணிலிருந்து இறக்கியவை. கடிதங்களைத் தனியாக எடுத்து, மூல மொழியிலும் மொழிபெயர்ப்பிலும் இணையத்தில் வைத்தார்கள்.

கப்பல் பட்டியல் முதலாளிக்கும் அரசுக்கும் வேண்டி எழுதியது. அதில் அந்த மனிதரின் உயரம் இருக்கும், அவர் அம்மாவுக்குச் சேலை வாங்க நினைத்தது இருக்காது. உங்கள் பரணில் இருப்பது அவரே சொல்லி எழுதிய காகிதம். நேட்டாலிலிருந்து ஊருக்கு வந்த தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் கூரையோடும் கரையானோடும் போயிருக்கும். தயவுசெய்து அதை மடிக்காமல் தட்டையாக வையுங்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து டர்பன் மையத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். பட்டியலும் கடிதமும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஆரணிக்காரன்:

கிடைத்துவிட்டார்.

ஏட்டுக்கட்டு ஐயா சொன்ன மாதிரி, மிச்சமிருந்த மூன்று வரிகளையும் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நல்லதாகப் போயிற்று. எழுத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டார். முதல் வரி தஞ்சாவூர் ஜில்லா, எனக்கே தெரிந்துவிட்டது. இரண்டாவதற்கு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது வரியில் ஜில்லா வட ஆர்க்காடு. தாலுகா கட்டத்தில் இருந்ததை நான் ‘அர்னீ ஜக்கீர்’ என்று படித்தேன். ஊர்ப் பெயரை இரண்டு விதமாகப் படித்துப் பார்த்தேன், மூன்றாவது விதத்தைப் பாதியில் நிறுத்தி, “அது நம்ம ஏரிக்கரை ஊருடா” என்றார் ஆயா. எங்கள் ஊர் 1930களில் ஏரி உடைந்து மேட்டுக்கு மாறியதாம். பழைய இடத்துக்குப் பழைய பெயர். எந்த வரைபடத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

தகப்பன் பெயரும் ஒத்துப்போகிறது. அதே தகரப் பெட்டியில் இருந்த கிரயப் பத்திரத்தில் என் எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் இருக்கிறது. குமாஸ்தா இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

வயது 20. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். அடையாளம்: வலது கெண்டைக்காலில் தழும்பு. அது எப்படி வந்தது என்று ஆயாவுக்குத் தெரியவில்லை, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

அப்புறம் பெயர். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பையனுக்கு ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் “வழிவழியா வர்ற பேரு” என்பார்கள், குலசாமி பெயரும் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு அந்தப் பெயர். பெரியப்பாவுக்கு அந்தப் பெயர். பட்டியலில் நேட்டால் தாத்தாவின் பெயர் அதுதான். திரும்பி வராத தம்பியின் பெயரை அண்ணன் தன் மகனுக்கு வைத்திருக்கிறார். ஆளை மறந்துவிட்டோம், பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் இங்கே ஆரணிக்காரன் என்று எழுதுவதால் உங்களுக்குத் தெரியாது. என் பெயரும் அதுவே.

ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடிதத்தைக் கையில் வாங்கி, “இன்னொரு தரம் படி” என்றார்.

ஏட்டுக்கட்டு:

நல்ல சேதி தம்பி. ஏரி உடைந்த ஊர் என்றால் பழைய கிராமக் கணக்கில் பெயர் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால வட ஆர்க்காடு செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள், எந்தத் தொகுதி என்று தனிச் செய்தியில் எழுதுகிறேன்.

கடற்கரைச்சாலை:

படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வாழ்த்துகள்.

குறிப்புக் கட்டத்தில் என்ன இருக்கிறது? ஐந்து வருஷ ஒப்பந்தம், பத்து வருஷம் முடிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். திரும்பியிருந்தால் பெரும்பாலும் அங்கே எழுதியிருப்பார்கள்.

ஆரணிக்காரன்:

காலியாக இருக்கிறது சார். திரும்பியதாகவும் இல்லை, இறந்ததாகவும் இல்லை.

கடற்கரைச்சாலை:

அப்படியானால் இங்கேயே இருந்துவிட்டார் என்று வைத்துத் தேடலாம். அடுத்த இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகம், இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் கோப்புகள் அங்கே இருக்கின்றன. 1872ல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து, அதன் பிறகு வலுப்பெற்ற அலுவலகம். கல்யாணமும் அங்கே பதிய வேண்டும், காலனி எண்ணோடு. மனைவியின் எண் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் வரை போகலாம். முழு எண்ணையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வரும் வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன், காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

வெருலத்தில் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கிறவர்கள் இருக்கலாம். எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆரணிக்காரன்:

எண் அனுப்பிவிட்டேன் சார். கூடவே இன்னொரு எண்ணும் அனுப்பியிருக்கிறேன். நெற்றியில் பச்சை குத்திய அந்த 19 வயதுப் பெண்ணுடையது. எங்களுக்கு உறவு இல்லைதான். கோப்பைத் திறக்கும்போது அவரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.